சம்பந்தியிடம் குறை கேட்ட ஆட்டோமேஷன்

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஒழுங்காக ஓட விடமாட்டோம். யாராவது தண்ணி மோட்டார் சுவிட்சைக் கையால் போடுவதைப் பார்த்தால்கூட, ‘இதுக்கு ஒரு ஆட்டோமேஷன் போட்டா என்ன?’ என்று விரல் துறுதுறுக்கும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் என் தங்கை காயத்ரிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது.

என் கணவர் சேகர் ஸ்ரீரங்கத்தில் கேட்டரிங் நடத்துகிறார். விசேஷம் முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்களுக்கு அவரே போன் செய்து, “சாப்பாடெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்பார். அவர்கள், “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்பார்கள். இவர் சந்தோஷமாக வைத்துவிடுவார். இதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதுதான் என் பிரச்சினை.

“இதுல டேட்டா எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அது போதாதா?” என்றார். (பாவம், வெகுளி என்று அன்று நினைத்தேன்.)

ஒரே வாரத்தில் வேலையை முடித்தேன். ஆர்டர்கள் இருந்த டேட்டாபேஸை, கருத்துக் கேட்கும் ஒரு கருவியோடு இணைத்தேன். நடுவில் என் ஆட்டோமேஷன். டேட்டாபேஸில் ஒரு விசேஷத்தின் விவரம் மாறினால் உடனே செல்போனுக்கு ஒரு கேள்வி போகும். வருகிற பதில் தானாகவே டேட்டாபேஸில் வந்து உட்காரும். கெட்டிக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். பதில் வந்து உட்கார்ந்தால் விவரம் மாறும். விவரம் மாறினால் மறுபடி கேள்வி போகும். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். விருந்து கொடுத்தவரைக் கேட்டால் உண்மை வராது, சாப்பிட்ட மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால்தான் வரும் என்று அவர்கள் எண்ணைச் சேர்த்தேன். கேள்வி அந்நியமாகத் தெரியக் கூடாதென்று, அதன் கீழே பெண்ணின் அப்பா பெயர் தானாக வந்து விழும்படி வைத்தேன். முதல் சோதனைக்கு எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அம்மா போனபோது காயத்ரி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எல்லாமே அப்பாதான். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டுகளை அவரே அடுக்கினார். பூக்காரியிடம் நின்று அளந்து வாங்கினார். வருகிற பெண்களுக்குக் குங்குமம் கொடுக்க வாசலில் ஆள் நிற்கிறதா என்று என்னை ஓயாமல் விரட்டினார். “அம்மா இல்லாத வீடுன்னு ஒருத்தர் வாயிலயும் வந்துரக் கூடாதும்மா” என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை. யார் வாயிலும் வரவில்லை. எல்லோரும் சிரித்த முகமாகக் கிளம்பிப் போனார்கள். அப்பா அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காட்டூரில் வீடு. தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாதவர். அவருடைய செல்போனுக்குத்தான் என் கேள்வி போனது: ‘நிச்சயதார்த்த விருந்தில் ஏதேனும் குறை இருந்ததா? தயங்காமல் தெரிவிக்கவும். இப்படிக்கு, கோவிந்தராஜன்.’

நம் ஊரில் பெண் வீட்டார் சம்பந்தியிடம் குறை கேட்பது ஒரு மரியாதை. ‘ஒண்ணும் இல்லைங்க’ என்பது பதில் மரியாதை. ஒரு தடவை கேட்டால் அதோடு முடிந்தது. விடாமல் கேட்டால்? ஏதோ நடந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று எந்த மனிதரும் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதிலும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்!

எனக்கோ திரையில் பதில்களின் கோடு மேலே மேலே ஏறியது. ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. (கோடு ஏறினால் போதும், எங்கள் தொழிலில் யாரும் படிக்கமாட்டோம்.) “பாருங்க, என்னமா பதில் சொல்றாங்க!” என்று சேகரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

“ஒரு விசேஷத்துக்கு எதுக்கு இத்தனை பதில்?” என்றார்.

“அதுக்குப் பேருதான் ஈடுபாடு” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தி காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே பஸ் மாறி, அடையவளஞ்சான் தெருவில் இருக்கும் அப்பா வீட்டுக்குத் தனியாக வந்து நின்றார். முகம் சரியில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். காயத்ரி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“சம்பந்தி, நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க, நானும் சொல்லிட்டே இருந்தேன். இப்ப என் வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என் அக்கா இந்தச் சம்பந்தமே வேணுமான்னு யோசிக்கச் சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைங்க.”

“நான் என்ன கேட்டேன்?” என்றார் அப்பா.

சம்பந்தி தன் செல்போனை எடுத்துக் கொடுத்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதல் பதில், ‘பரம திருப்தி.’ அடுத்தது, ‘ஏற்கெனவே சொன்னபடி திருப்தி.’ அதற்கடுத்து, ‘தாங்கள் வற்புறுத்துவதால் சொல்கிறேன், காபி சற்று ஆறியிருந்தது.’ பிறகு அவருடைய அக்காவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தது, ஜமுக்காளத்தில் கறை இருந்தது என்று வரிசையாக இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே, சளைக்காமல், ‘ஏதேனும் குறை இருந்ததா? இப்படிக்கு, கோவிந்தராஜன்.’

“அதோட விட்டுருங்க சம்பந்தி. அதுக்குக் கீழ படிக்காதீங்க” என்று அவர் கை நீட்டினார்.

அப்பா படித்துவிட்டார். ‘என் அக்கா தெரிவிக்கச் சொன்னது: தாய் இல்லாத வீடு என்பது ஒவ்வொன்றிலும் தெரிந்தது.’

என் செல்போனில் டேட்டாபேஸைத் திறந்தேன். எப்படியாவது நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் அந்த விசேஷத்துக்கு நேரே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்தேன். அதுவும் ஒரு மாற்றம்தானே. அப்பா கையிலிருந்த செல்போன் டிங் என்றது. ‘ஏதேனும் குறை இருந்ததா? இப்படிக்கு, கோவிந்தராஜன்.’

தன் பெயரில் தனக்கே வந்ததைப் போல அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்திக்குப் பாதிதான் புரிந்தது. “மிஷின்கிட்டயாம்மா நான் இத்தனையும் எழுதினேன்?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க சம்பந்தி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

“எழுதினது மிஷினுக்கா இருந்தாலும், தெரிஞ்சதுன்னு சொன்னது மனுஷங்கதானே” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “பரவாயில்லைங்க. நான் போய் உங்க அக்காகிட்டப் பேசிட்டு வரேன். பொண்ணு நல்லா இருந்தா எனக்குப் போதும்.”

காயத்ரி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “நீ வேற யாரு கல்யாணத்துலயாவது டெஸ்ட் பண்ணியிருக்கக் கூடாதாக்கா?” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அப்பா அன்று மாலையே காட்டூர் போனார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொன்னதில்லை. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. சம்பந்தியின் அக்காவுக்குத்தான் முதல் பந்தியில் முதல் இலை. சேகர் பழையபடி அவரே போன் செய்து கேட்கிறார், பழையபடி சந்தோஷமாக வைத்துவிடுகிறார்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், இலையை மடித்ததும் காயத்ரியின் கணவர் சத்தமாகச் சொல்வார்: “ஒரு குறையும் இல்லைங்க! அண்ணி, மிஷினை நிறுத்துங்க!” பந்தியே சிரிக்கும். சம்பந்தி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

ஆனால் அப்பா இப்போதெல்லாம் யாரையும், ‘போதுமா? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?’ என்றுகூடக் கேட்பதில்லை. பந்தியின் கடைசியில் நின்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எந்த இலையிலாவது சோறு குறைந்தால் பேசாமல் போய்ப் போட்டுவிட்டு வருகிறார். நான் சாப்பிடும்போது அவர் அப்படி வந்து என் இலையில் போட்டால், எனக்கு ஒரு வாய் இறங்காது. எல்லோரும் சிரிப்பதால் நானும் சிரித்துவைக்கிறேன்.