ஸ்டூல் நானா ஏறும்வரை

ரயிலில் கடைசியாக ஏறுவதற்காகச் சண்டை பிடிக்கிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ஸ்டூல் நானாதான். மற்ற ஊர்களில் சனம் முதலில் ஏற முண்டியடிக்கும், யன்னலால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கும். எங்கள் ஸ்டேசனில் எல்லாரும் ஏறி முடிந்த பிறகுதான் நானா ஏறுவார். யாராவது மரியாதைக்கு “நீங்கள் முதல் ஏறுங்கோ நானா” என்று சொல்லிவிட்டால் முகம் கறுத்துவிடும். அதே மனிதர் பின்னேரம் திரும்பி வரும்போது முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று நிற்பார். அப்போதும் ஒருவரும் குறுக்கே நிற்க ஏலாது.

ஸ்டேசன் எது என்று கேட்காதீர்கள். தம்பலகாமத்துப் பக்கம், வயலுக்கு நடுவில், ரயில் யோசித்து யோசித்து நிற்கிற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் ஸ்டேசன் மாஸ்டருக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். அவர் நல்ல மனிதர். நான் திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் போனால் மாதக் கடைசியில் சோறு சம்பலோடு நின்றுவிடும் என்பதால் காலை ரயிலில் சீசன் டிக்கட்டில் போய் வருகிறேன். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை.

எங்கள் ஸ்டேசனில் கழிப்பறை உண்டு, அதற்குப் பூட்டும் உண்டு. திறப்பு மாத்திரம் மாற்றலாகிப் போன யாரோ ஓர் உத்தியோகத்தரின் சட்டைப்பையில் போய்விட்டதாகக் கேள்வி. குடிதண்ணீர்க் குழாயில் நல்ல காற்று வரும். உட்கார இருக்கிற ஒரே வாங்கில் ஒரு மறியாடு படுத்திருக்கும், எழுப்பினால் எங்களிடம் டிக்கட் இருக்கிறதா என்று கேட்பதுபோலப் பார்க்கும். எல்லாவற்றிலும் கொடுமை பிளாட்போம். அது சல்லியும் புல்லுமாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. ரயில் வந்து நின்றால் அதன் கீழ்ப்படி என் இடுப்புக்கு நேரே நிற்கும். சீலை உடுத்த பெண்ணொருத்தி அந்தப் படியில் ஏறுவதைப் பற்றி நான் விளக்கமாக எழுதமாட்டேன். ஏறியவர்களுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும், என்ன செய்வது, தெரியும். டிக்கட் விலை மாத்திரம் யாருடைய உதவியும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் நானா வந்து சேர்ந்தார். கிண்ணியாவில் பிறந்தவர், எருமைகளுக்காக எங்கள் பக்கம் குடிவந்தவர். தயிர்ச் சட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு காலை ரயிலில் பட்டணத்துச் சந்தைக்குப் போவார். ஒருநாள் அந்த உயரப் படியில் சட்டியைத் தூக்கி வைக்கப்போய், சட்டி கவிழ்ந்து, தயிர் முழுக்க அவருடைய தலையில் வழிந்தது. தலையில் தயிரோடு அவர் அந்தப் படியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் ஒரு ஸ்டூலோடு வந்தார். பழைய வள்ளத்துப் பலகையில் அடித்தது, நீலப் பெயின்ற், இரண்டு படி, ஒரு பக்கத்தில் மீன்பிடி நைலோன் கயிறு.

ஸ்டூலைக் கடைசிப் பெட்டியின் வாசலில் வைத்தார். சட்டிகளை ஏற்றினார். தானும் ஏறினார். பிறகு கயிற்றை இழுத்தார், ஸ்டூல் நாய்க்குட்டிபோல அவர் பின்னால் பெட்டிக்குள் வந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் நான் மெல்லக் கேட்டேன். “நானா, நானும் இதில ஒருக்கா ஏறட்டோ?”

“ஏறுங்க மிஸ். தயிர விட நீங்க பாரமா?”

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் முழு ஸ்டேசனும் அந்த ஒரே வாசலால் ஏறத் தொடங்கியது. நானா அதற்கு ஒரு சட்டமே வைத்தார். கிளினிக்குக்குப் போகிற நோயாளிகள் முதலில், பிறகு பிள்ளை தூக்கியவர்கள், பிறகு சீலைக்காரர், பிறகு கந்தோர்க்காரர், பிறகு இளந்தாரிகள், தயிர், கடைசியாக அவர். வரிசையைக் குழப்பினால் ஸ்டூலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற எங்கள் பயணிகள் சங்கத் தலைவர் ஒருநாள் அவசரத்தில் நோயாளிகளுக்கு முன்னால் காலை வைத்துவிட்டார்.

“தலைவர், ஒங்களுக்கு என்ன வருத்தம்?” என்று நானா கேட்டார்.

“எனக்கொரு வருத்தமும் இல்லை.”

“அப்ப இறங்குங்க.”

தலைவர் இறங்கினார். அவருடைய அலுவலகத்தில் பியோன்கூட அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

கடைசிப் பெட்டிக்குப் பின்னால்தான் கார்ட். முதலில் மணிக்கூட்டைப் பார்த்துப் பச்சைக் கொடி காட்டியவர், போகப்போகக் கயிற்றைப் பார்த்துக் காட்டத் தொடங்கினார். ஸ்டூல் உள்ளே போனால்தான் கொடி. ஆனால் ஒருநாள் புது கார்ட் ஒருவர் வந்தார். ஆட்கள் ஏறினார்கள், தயிர் ஏறியது, யாரோ உதவி செய்வதாக நினைத்து ஸ்டூலையும் இழுத்துவிட்டார்கள், கொடி விழுந்தது. நானா சல்லியில் நின்றார், ரயில் போய்விட்டது. பின்னால் ஓடிவந்த மனிதர் தன் தயிரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. “ஸ்டூல் கவனம், ஸ்டூல் கவனம்” என்றுதான் கத்திக்கொண்டு வந்தார்.

அன்று அவருடைய தயிரை நாங்கள்தான் விற்றோம். என் கந்தோரில் பைல்களுக்கு நடுவில் தயிர்ச் சட்டி. மேலதிகாரி வந்து என்ன இது என்று கேட்டார், அவருக்கும் ஒரு சட்டி கொடுத்தேன். மத்தியானம் நானா பஸ்ஸில் வேர்த்து விறுவிறுத்து வந்து வாசலில் நின்றார்.

“எங்க மிஸ்?”

“எல்லாம் வித்தாச்சு நானா, காசு இந்தாங்கோ.”

“காசு கிடக்கட்டும். ஸ்டூல் எங்க?”

இப்படிச் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் எங்கள் சங்கம் ஒரு பெட்டிசம் எழுதியது. டிக்கட் விலையைக் கூட்டினீர்கள், பிளாட்போமை உயர்த்தினீர்களா என்று தலைவர் நல்ல காரசாரமாக எழுதினார். அதைப் பார்த்து ஒரு ரயில்வேப் பெரியவர் கொழும்பிலிருந்து வந்தார், கையில் கமரா. காலை ரயில் வந்தது. நானா ஸ்டூலை வைத்தார். நோயாளிகள், பிள்ளைகள், சீலைக்காரர், ஒருவர் பின் ஒருவராகக் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதுபோலச் சிரித்துக்கொண்டு ஏறினோம். கொழும்புக்காரர் வந்திருக்கிறார் என்ற சந்தோசத்தில் வழமையைவிட அழகாக ஏறினோம் என்றே சொல்ல வேண்டும். பெரியவர் படம் எடுத்தார். பிறகு தானும் ஸ்டூலில் கால் வைத்து ஏறினார். நானா அவருடைய முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

“நல்ல ஸ்டேசன்” என்றார் பெரியவர், தனக்குத் தெரிந்த தமிழில். “கஷ்டம் ஒண்டும் இல்லை.”

பதிலும் அப்படியே வந்தது. பயணிகள் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள், ஆகவே பிளாட்போம் தேவையில்லை. தலைவர் அதை வாசித்துவிட்டு ஆட்டைத் தள்ளி வாங்கில் இருந்தார். ஆடுகூட அன்று ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் விடவில்லை. இன்னும் ஒரு பெட்டிசம் போட்டார். அதே பெரியவர் இன்னொரு முறை வருவதாகச் சொன்னார்கள். இந்த முறையும் இல்லையென்றால் இனிக் கேட்டும் பிரயோசனமில்லை என்று ஸ்டேசன் மாஸ்டர் காதோடு சொன்னார். நானாவிடம் போய்ப் பேச வேண்டும். யார் பேசுவது? என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

“நானா, அந்தப் பெரியவர் வாற அண்டைக்கு மட்டும் ஸ்டூலக் கொண்டுவராதேங்கோ.”

அவர் தயிர்ச் சட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“ஏன் மிஸ்? என்ட ஸ்டூலாலயா பிளாட்போம் வராம இரிக்கி?”

“ஓம் நானா. நாங்கள் கஷ்டப்படுறத அவர் பாக்க வேணும். உங்கட ஸ்டூல் எங்கட கஷ்டத்த மறைச்சுப் போட்டுது.”

அவர் கொஞ்ச நேரம் ஸ்டூலையே பார்த்தார். அதனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்போல இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லது செய்த ஒருவரிடம் போய், செய்ததுதான் பிழை என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

“சரி மிஸ். கொண்டுவரல்ல” என்றார்.

அந்த நாளும் வந்தது. நானா தயிரும் கொண்டுவரவில்லை, ஸ்டூலும் கொண்டுவரவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியோரமாக நின்றார். ரயில் வந்தது, பெரியவர் கமராவோடு கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். தலைவர் முதல் ஆளாகப் படியைப் பிடித்து, பிரசவ வலி வந்தவர்போல ஒரு முனகல் முனகினார். இளந்தாரிகள்தான் கெடுத்தார்கள். ஒரே தாவலில் ஏறிவிட்டார்கள்.

“கொஞ்சம் கஷ்டப்பட்டு ஏறுங்கோடா” என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பரமேசக்கா வந்தா. அன்று அவவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். முழங்கால் இரண்டும் வீக்கம். எங்கள் திட்டம் எதுவும் அவவுக்குத் தெரியாது. ஸ்டூல் இருக்கும் என்று நம்பி வந்த மனுசி, வெறுஞ்சல்லியைப் பார்த்துத் திகைத்து நின்றா. கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினா, கால் எட்டவில்லை. நானும் இன்னொருத்தியும் பிடித்துத் தள்ளினோம். கால் வழுக்கி, “ஐயோ” என்று சல்லியில் விழுந்து இருந்துவிட்டா. அதில் நடிப்பு இல்லை. பெரியவர் கமராவைத் தூக்கினார். எங்களுக்கு வேண்டிய படம் அதுதான், எனக்கோ கமராவைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

நானா வேலியோரம் இருந்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். படிக்குக் கீழே சல்லியில் முழங்காலைக் குத்தி, கை இரண்டையும் ஊன்றி, முதுகைக் காட்டினார்.

“ஏறுங்க அக்கா.”

“ஐயோ நானா, உங்கட முதுகிலயோ? எனக்கு ஏலாது.”

“கிளினிக்ல நம்பர் போயிரும். ஏறுங்க.”

தலைவர் குனிந்து அவருடைய காதில் சொன்னார். “நானா, ஸ்டூல் கொண்டுவரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்.”

“ஸ்டூல்தானே கொண்டுவரமாட்டேன் எண்டு சென்னன், தலைவர். முதுகு கொண்டுவரமாட்டேன் எண்டு செல்லல்லயே.”

பரமேசக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டா. அவ அழுதுகொண்டே அந்த முதுகில் கால் வைத்து ஏறினா. பெரியவர் கமராவை இறக்கிவிட்டார். நானா எழும்பவில்லை, வரிசையில் அடுத்தது யார் என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்போது பெரியவர் வந்து அவருடைய தோளைப் பிடித்து எழுப்பினார். “போதும் ஐயா, போதும்” என்றார். முழங்காலில் ஒட்டியிருந்த சல்லியையும் அவரே தட்டிவிட்டார்.

பிளாட்போம் வந்தது. கொங்கிரீட், விளிம்பில் மஞ்சள் கோடு, நல்ல உயரம். ஆனால் எங்களுக்கு எது முழுசாக வந்திருக்கிறது? முன்பெட்டிகளுக்குத்தான் நீளம் காணும். கடைசிப் பெட்டி பழையபடி சல்லியில்தான் நின்றது.

திறந்த அன்று தலைவர் தேங்காய் உடைத்தார். எல்லாரும் புதுப் பிளாட்போமில் இருந்து வீட்டுக்குள் போவதுபோல ரயிலுக்குள் போனோம். நானாவையும் கையைப் பிடித்து முதல் ஆளாக ஏற்றினோம். அந்த மனிதர் முதலாவதாக ஏறி, முழுக்க வெறுமையாகக் கிடந்த பெட்டியில் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார். கையில் அந்த நீல ஸ்டூல். “பழக்கத்தில கொண்டுவந்திட்டன் மிஸ்” என்றார். பட்டணம் வரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அன்று கந்தோரில் வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் காலை நான் புதுப் பிளாட்போமில் நின்றேன். பிறகு கடைசிப் பெட்டியில் நல்ல காற்று வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மஞ்சள் கோடு முடிகிற இடத்தைத் தாண்டிச் சல்லியில் இறங்கி நடந்தேன். அங்கே தலைவர் நின்றார். என்னைக் கண்டதும் வயலைப் பார்த்தார். பரமேசக்கா வந்தா, இளந்தாரிகள் வந்தார்கள், பிள்ளைகளோடு தாய்மார் வந்தார்கள். நானா தயிரோடு தனியாக ஏற வந்தவர், எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“அங்க புதுப் பிளாட்போம் இரிக்கே, மிஸ்?”

“அங்கால ஒரே சனம், நானா.”

அங்கே ஒரு சனமும் இல்லை. அந்த ஆடு மாத்திரம் நின்றது. நானா அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஸ்டூலை வைத்தார்.

போன மாதச் சங்கக் கூட்டத்தில் மிச்சப் பிளாட்போமையும் கட்டச் சொல்லிப் பெட்டிசம் எழுதுவோமா என்று ஸ்டேசன் மாஸ்டர் கேட்டார். கழிப்பறைத் திறப்பைக் கேட்டு எழுதுவோம், தண்ணீரைக் கேட்டு எழுதுவோம், டிக்கட் விலையைக் குறைக்கச் சொல்லி எழுதுவோம், அதை மாத்திரம் இப்போது எழுத வேண்டாம் என்று முழுச் சங்கமும் முடிவு செய்தது. எங்கள் சங்கம் ஒற்றுமையாக ஒரு முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலையும் நான் ஸ்டூலில் கால் வைத்துத்தான் ஏறினேன். உள்ளே வந்ததும் திரும்பி நின்று அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். நானா ஏறும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.