மூன்று மடிப்பு விழுந்த காசுச் சுருள்

நவம்பர் மாத நன்றி நாளான வியாழக்கிழமை வான்கோழி விருந்துக்குள், சேகரிப்பாளர்கள் நல்ல விலை தரும் இரட்டை அச்சுக் காசு ஒன்றையாவது தன் கையால் கண்டுபிடிக்காவிட்டால், சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிடுவதாக வெண்டல் ஹோஃப்மன் தன் மனைவி டார்லீனிடம் சத்தியம் செய்திருந்தார். கண்டுபிடித்துவிட்டால் மேசை என்றென்றும் அவருக்கே. விருந்துக்கு வரும் டார்லீனின் அக்கா குடும்பம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

நான்கு மாதமாக ஹோஃப்மன் தம்பதியே அப்படித்தான் சாப்பிட்டார்கள். மேசை முழுக்க ஒரு சென்ட் காசுகள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? ஐம்பது ஐம்பதாகக் காகிதத்தில் சுருட்டிய காசுகளை வங்கியிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி வருவார். பூதக்கண்ணாடியும் கையுமாகக் காசில் இருக்கும் லிங்கனின் மூக்குக்குள்ளேயே போய்விடுவார். பார்த்து முடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பெட்டி கேட்பார். அவர் காரைக் கண்டாலே வங்கிப் பெண் மதிய உணவுக்குக் கிளம்பிவிடுவாள்.

“டார்லீன், ஓடி வா! எழுத்து ரெட்டையாத் தெரியுது!”

“உன் மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சிட்டுப் பாரு.”

“சே! இது மெஷின் உதறினது. எழுத்துக்குப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி தட்டையா இருக்கு. அசல் ரெட்டை அச்சுன்னா எப்படி இருக்கும் தெரியுமா? அச்சு செய்யும்போதே ரெண்டு தடவை பதிஞ்சிருக்கும். எழுத்து ரெண்டும் உருண்டையா நிக்கும். முனை பிளந்திருக்கும்.”

“தெரியும். காலையிலயும் சொன்ன.”

“கிடைச்சா பங்கு கேக்காத, ஆமா. சுருளைப் பிரிச்சவங்களுக்கே காசு. அதான் சட்டம்.”

“சட்டமா? சரிப்பா, ஞாபகம் வெச்சுக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை வரை ஒன்றும் சிக்கவில்லை. வெண்டல் வேறு வழி தேடினார். பக்கத்து வீட்டுக்காரனிடம் தன் அருமைத் தூண்டிலை விற்றார். அந்தப் பணத்தில் காசு வியாபாரியிடம் 1972ஆம் வருஷத்து அசல் இரட்டை அச்சுக் காசு ஒன்றை வாங்கினார். ஒரு சுருளைப் பிரித்து, நடுவில் அதைச் செருகி, பழையபடி மூடிவிட்டார். இதை மோசடி என்று அவர் நினைக்கவில்லை. அதிர்ஷ்டத்துக்குச் சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம். பிரிக்காத சுருள்கள் மேசையில் இருபதுதான் மிச்சம். விருந்துக்கான கிரான்பெரிப் பழத்தை வேகவைத்துவிட்டு டார்லீன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நானும் ஒண்ணு பிரிக்கட்டுமா?”

வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதே! “தாராளமா! எது வேணுமோ எடு!”

அவள் கை சுருள்களின் மேல் ஒரு சுற்று சுற்றியது. நேராக அந்தச் சுருளைத் தூக்கியது.

“அது வேணாம்!” வெண்டல் சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்?”

“அது... அதுல ஒண்ணும் இருக்காது.”

“பிரிக்காமலே தெரியுதா? அப்ப பூதக்கண்ணாடி எதுக்கு? இந்தப் பக்கம் குடு.”

பிடுங்கிக்கொண்டாள். சுருளை உடைத்தாள். காசுகளைப் பரப்பினாள். ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

“வெண்டல், எழுத்து ரெட்டையாத் தெரியுது.”

“மெஷின் உதறல்! தூக்கிப் போடு!”

“தட்டையா இல்லையே. உருண்டையா நிக்குது. முனை பிளந்திருக்கு. வருஷம் எழுபத்திரண்டு. நீ தூக்கத்துல ஒளர்ற அதே காசுதானே?”

சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தால் வாத்தியாருக்குப் பெருமையாக இருக்க வேண்டும். வெண்டலுக்கு வியர்த்தது. இருந்தாலும் சமாளித்தார்.

“கிடைச்சிடுச்சில்ல? அப்ப மேசை எனக்கு!”

“பிரிச்சது யாரு?”

“நீ.”

“பிரிச்சவங்களுக்கே காசுன்னு சட்டம் போட்டது?”

“நான்.”

“அப்ப காசு எனக்கு. உன் கையால நீ ஒண்ணும் கண்டுபிடிக்கல. மேசையும் எனக்கு.”

தூண்டில் போச்சு, காசு போச்சு, மேசையும் போச்சு. அழுகை வராத குறையாக வெண்டல் பெட்டிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைக்குச் சுமந்தார். பதினோரு நடை. கடைசிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். மனசு கேட்கவில்லை.

“அது எப்படி டார்லீன், இருபதுல குறிபார்த்து அதையே எடுத்த?”

டார்லீன் மேசைவிரிப்பை உதறி விரித்தாள்.

“மத்ததெல்லாம் வங்கி மெஷின் அழுத்தி மூடினது. அது மட்டும் முனைக்கு மூணு மடிப்பு, அதுக்கு மேல ஒட்டுத்தாள் வேற. இருபத்தாறு வருஷமா எனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு நீ அப்படித்தானே சுத்திக் குடுக்கிற?” காசைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டாள். “இந்தத் தடவை ஒரு மாசம் முன்னாடியே குடுத்துட்ட. ரொம்ப சந்தோஷம், ராசா.”