நிலையான விசிறியும் மாமியாரின் இடது காலும்

ஒரு மின்விசிறி சுற்ற வேண்டும், காற்றுத் தர வேண்டும், விழாமல் நிற்க வேண்டும். இதில் முதல் இரண்டையும் மக்கள் எப்படியோ பார்த்துக்கொள்வார்கள், மூன்றாவதை மட்டும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நல்ல நாளில் முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் விசிறி நிலைத்தன்மைச் சோதனை அலுவலகம். நான் அரசாங்கத்தைக் குறை சொல்கிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். குறை தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு விசிறித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். தொழிற்சாலையில் அவருக்கு 'இறக்கை' என்று பெயர், வீட்டில் 'மாப்பிள்ளை'. வீட்டில் ஒரு கைக்குழந்தை. குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மேசை விசிறி. விசிறியின் பீடத்தின் மேல் மாமியாரின் இடது கால். கால் எதற்கென்றால், அந்த விசிறி கழுத்தை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் முகங்குப்புற விழப் பார்க்கும். காலை எடுத்தால் விசிறி குழந்தைமேல் சாயும். விசிறியை நிறுத்தினாலோ குழந்தை தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழும். மகளின் பிரசவத்துக்கு வந்த அந்த அம்மாள் இப்படியாக ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்.

"நம்ம மாப்பிள்ளை ஃபேன் பண்றதுல பெரிய ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடைசியில வீட்டு ஃபேனுக்கு என் காலைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. விழாத ஃபேன் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்."

"அங்க உங்க மாமா தானே சமைச்சுத் தானே சாப்பிட்டுட்டு இருக்கார். இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"அப்பாவா, அடுப்பா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

இறக்கை சொன்னபடி செய்தார். அகலமான பீடம், கனம் எல்லாம் கீழே, அடியில் ரப்பர் காலணி. முதலாளி இடித்துப் பார்த்தார். காவலாளி வயரை இழுத்துப் பார்த்தார். விசிறி அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஆனால் அலுவலக முத்திரை இல்லாத விசிறி சோதனைக்குத் தவிர வேறெதற்கும் தொழிற்சாலை வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எடுத்துப் போனவருக்கு வேலை இருக்காது. அதனால் விசிறியைத் துணியில் சுற்றிக்கொண்டு இறக்கையும் முதலாளியும் சோதனைக்குப் போனார்கள்.

அந்த அலுவலகத்தின் உயிர்நாடி ஒரு பெரிய மேசை. அதன் ஒரு பக்கத்துக் கால்களைக் கரையான் மிகவும் மரியாதையாக, அவசரமே இல்லாமல், பல காலமாகத் தின்றுவந்தது. மேசை அந்தப் பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. இதனால் அலுவலகப் பணிக்கு எந்த இடையூறும் இல்லை. தேநீரை முக்கால் தம்ளர்தான் ஊற்றுவார்கள். பேனா உருண்டு வரும் இடத்தில் சோதனை அதிகாரி இடது உள்ளங்கையை வைத்திருப்பார், பேனா வந்து விழும், எடுத்துத் திரும்ப வைப்பார். புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் வேலையே அதுதான்.

விசிறியை மேசைமேல் வைத்து ஓடவிட்டார்கள். அது கழுத்தை இடப்பக்கம் திருப்பியது. திருப்பியதும் அப்படியே சாய்ந்து அதிகாரியின் மடியில் விழுந்தது.

"நிலையற்றது" என்றார் அதிகாரி, மடியைத் தட்டிக்கொண்டே.

"ஐயா, மேசை சாய்வா இருக்கே" என்றார் இறக்கை.

"மேசை சாயாது. அது சான்று பெற்ற மேசை."

"ஒரு ரசமட்டத்தை வச்சுப் பாத்தா சமமா இல்லையான்னு தெரிஞ்சிடுமே?"

"வச்சுப் பாத்தோம். குமிழி நடுவுல நிக்கல."

"பாத்தீங்களா!"

"உடனே அந்த ரசமட்டத்தை ரத்து பண்ணிட்டோம். இப்ப நாட்டுல விக்கிற எல்லா ரசமட்டமும் இந்த மேசையில சோதிச்சதுதான். அதை வச்சுப் பாருங்க, குமிழி அப்படியே நடுவுல நிக்கும்."

வைத்துப் பார்த்தார்கள். நடுவில்தான் நின்றது. முதலாளி இறக்கையின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"உனக்கு மேசையோட சண்டை போடணுமா, ஃபேன் விக்கணுமா?"

"எனக்கு அத்தையை ஊருக்கு அனுப்பணும், சார்."

"அப்ப மேசைக்குத் தகுந்த மாதிரி ஃபேன் பண்ணு."

நல்ல விசிறி 'நிராகரிக்கப்பட்டது' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தொழிற்சாலைக் கிடங்குக்குப் போயிற்று. இறக்கை பீடத்தின் ஒரு பக்கத்தைத் தடியாகவும் மறுபக்கத்தை மெலிதாகவும் வைத்து இன்னொன்று செய்தார். அது அலுவலக மேசைமேல் தியானத்தில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தது. "மிகச்சிறந்த நிலைத்தன்மை" என்று அதிகாரி தம் கையாலேயே முத்திரை குத்தினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமமான தரையில் வைத்த வேகத்திலேயே அது விழுந்தது.

"பழசாவது திரும்பும்போதுதான் விழுந்துச்சு. இது நிக்கும்போதே விழுது" என்றார் மாமியார், காலை நீட்டியபடி.

அதை வாங்கிய வீடுகளிலிருந்தெல்லாம் புகார்கள் குவிந்தன. அலுவலகம் ஆழ்ந்து யோசித்தது. விசிறிக்கு முத்திரை இருக்கிறது, மேசைக்குச் சான்று இருக்கிறது, எந்தச் சான்றும் இல்லாதது வீடுகளின் தரை ஒன்றுதான். ஆகவே தவறு தரையில். எல்லா வீடுகளும் முத்திரை பெற்ற ரசமட்டத்தை வைத்துத் தரையைச் சீராக்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

எதிர்வீட்டுக்குக் கொத்தனார் வந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார், தரையையும் பார்த்தார்.

"சார், இதை நம்பிப் போட்டா ஒரு பக்கம் இறங்கிடும்."

"தெரியும்."

"கொட்டுன தண்ணியெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்."

"தெரியும்பா. ஃபேன் நிக்கணும்."

"நிக்கும். அதுல ஒரு குறையும் இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் கலவையைக் குழைத்தார்.

தரை சரிந்தது. விசிறி நின்றது. மாமியார் காலை எடுத்து, ஆசையாக நீவிவிட்டு, பெட்டியைக் கட்டினார். அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே குழந்தை உருள ஆரம்பித்தது. படுக்க வைத்த இடத்திலிருந்து உருண்டு உருண்டு மூலையில் போய் முட்டிக்கொண்டது. தூக்கி வந்து போட்டார்கள். மறுபடியும் உருண்டது. மாமியார் செருப்பைக் கழற்றினார். குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலை அணையாக நீட்டினார்.

அதற்குள் சரிவு நாகரிகமாகிவிட்டது. சரிந்த தரையில் படுத்தால் ரத்தம் நன்றாக ஓடும் என்று ஒரு மருத்துவர் பேட்டி கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் தடித்த செருப்புகள் கடைக்கு வந்தன. புகைப்படத்தில் எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்து சிரித்தார்கள். என் மைத்துனன் வேலைக்கான நேர்காணலில் நேராக நின்றுவிட்டு, "ரொம்பத் திமிர் பிடிச்சவன்" என்று பெயர் வாங்கித் திரும்பினான். என் வீட்டுத் தரையையும் மாற்றினேன். தெருவே சாய்ந்திருக்கும்போது நாம் மட்டும் சமமாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இந்தச் சமயத்தில் அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். முத்திரை பெற்ற ரசமட்டத்தைக் கொண்டே கட்டியதால் அதன் தரையும் சரிவு. பழைய மேசையை உள்ளே கொண்டு வந்தவர்கள், கதவு எதிர்ப்பக்கம் இருந்ததால், மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். தரை ஒரு பக்கம் சரிவு, மேசை மறுபக்கம் சரிவு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ள, அந்த மேசை வாழ்நாளில் முதல்முறையாகச் சமமாக நின்றது.

அதிகாரி உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேனா வரவேயில்லை. பயந்துபோய், எல்லா விசிறிகளையும் மறுபடி சோதிக்க உத்தரவிட்டார்.

மறுசோதனையில் முத்திரை பெற்ற விசிறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அத்தனை முத்திரைகளும் ரத்து. இறக்கை கிடங்குக்கு ஓடி, அட்டை தொங்கிய பழைய விசிறியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அது மேசைமேல் அசையாமல் நின்றது.

"இவ்வளவு நல்ல ஃபேனை முன்னாடியே ஏன் கொண்டு வரலை?" என்று அதிகாரி கடிந்துகொண்டார்.

இறக்கை முத்திரையோடு வீட்டுக்குப் பறந்தார். குழந்தைக்குப் பக்கத்தில் விசிறியை வைத்து ஓடவிட்டார். சரிந்த தரையில் நின்ற அந்த நல்ல விசிறி கழுத்தை இடப்பக்கம் திருப்பி, மெதுவாகக் கிளம்பி, விழப் போனது. மாமியாரின் வலது கால் வந்து தாங்கிக்கொண்டது. இடது கால் ஏற்கெனவே குழந்தைக்கு அணையாக இருந்தது.

"மாப்பிள்ளை, எனக்கு ரெண்டு கால்தான்" என்றார். "இதுக்கு மேல தயவுசெஞ்சு எதையும் கண்டுபிடிக்காதீங்க."

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதே விட்டார். அவரும் மூலையைப் பார்த்துக் கொஞ்சம் வழுக்கினார்.

மறுபடி புகார்கள். இம்முறை அதிகாரியே வீடுவீடாக நேரில் வந்தார். எதிர்வீட்டுக்குள் போய் விசிறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விழலையே?"

"நான் பிடிச்சிட்டிருக்கேன்யா" என்றார் மாமியார்.

"பிடிச்சா விழாதா?"

"எப்படி விழும்?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இத்தனை காலம் அரசு தேடிய நிலைத்தன்மை இந்த அம்மாளின் காலடியில் கிடக்கிறது என்று அவர் மனமாரப் பாராட்டினார். அடுத்த வாரத்திலிருந்து, எந்தத் தொழிற்சாலையின் எந்த விசிறியானாலும் முத்திரை கேட்டவுடன் கிடைத்தது. முத்திரையின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்ந்திருந்தது: 'குடும்பத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் வரை நிலையானது.' விளம்பரங்களில் சிரித்த முகத்துடன் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ விசிறியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'உறவை வளர்க்கும் காற்று' என்றார்கள். எதிர்வீட்டு மாமியார் ஊருக்குப் போகவில்லை. மாமனார்தான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பி வந்தார், அவருக்குக் கூடத்து விசிறியைப் பிடிக்கும் வேலை கிடைத்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கங்களை ஒரே கையால்தான் புரட்டிக்கொண்டு வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நானும் இதை ஒற்றைக் கையால்தான் எழுதினேன்.