சூப்பர் எத்தனை மூட்டை?

"போன வாரம் குறைவு, இந்த வாரம் நடுத்தரம். ஒரே நிலத்து மண்ணுதானாப்பா இது?" என்று கேட்டார் மண் பரிசோதனைக்கூடத்து ஜானகிராமன்.

"ஒரே நெலந்தான் சார்," என்றான் ராஜாங்கம்.

எழுபத்தெட்டில் முதலியார்பேட்டைக்குத் தெற்கே வயல்கள் இருந்தன. மில் சங்கு அந்த வயல்கள் வரை கேட்கும். இன்று அங்கே மாடி வீடுகள்தான். மில்லில் வேலை பார்த்த ராஜாங்கம், மாமனார் இருசப்பனின் ஒரு ஏக்கரை அந்த வருஷம்தான் பயிரிட ஏற்றிருந்தான். இருசப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். அவர் மீசையும் செருப்பும் எப்போதும் பளபளக்கும்.

நெல் வேர்பிடிக்க மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வேண்டும். அது தண்ணீரோடு ஓடாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். அதனால் கடைசி உழவிலேயே சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். எவ்வளவு என்பதை மண்ணைத்தான் கேட்க வேண்டும். பரிசோதனைக்கூடம் தந்த முதல் சீட்டு 'மணிச்சத்து குறைவு, சூப்பர் மூன்று மூட்டை' என்றது.

"என் நெலமா கொறைவு?" இருசப்பனின் முகம் சுருங்கியது. "திரும்ப எடுத்துக்கினு போங்க மாப்ளே. எந்தக் கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

அந்த இரண்டாவது மண்தான் இப்போது நடுத்தரம் என்கிறது. எதை நம்பிப் போடுவது? நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றினால் தூர் கட்டாது. மாமனார் நம்பிக் கொடுத்த நிலத்தில் முதல் வெள்ளாமையே போய்விடும்.

"வரப்போரம் எடுத்தியா? எருக்குழி பக்கம்?"

"இல்ல சார்."

"வயல்ல அங்கங்க ஆப்பு மாதிரி வெட்டி, பக்கவாட்டுல மேலருந்து அரையடிக்குச் சீவி எடு. எல்லாத்தையும் கலந்து பரப்பி நாலு பங்காக்கு. எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிடு. அரைக் கிலோ மிஞ்சுற வரைக்கும் அப்படியே செய்."

ராஜாங்கம் மாமனாரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் போய் ஒன்று விடாமல் அப்படியே செய்தான்.

சீட்டு வந்தது: 'மிக அதிகம்.'

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் நெலம் நம்மள வச்சி வேடிக்கை பாக்குதுப்பா. இதுக்குச் சூப்பரே வேணாம்."

ராஜாங்கம் வரப்பில் போய் உட்கார்ந்தான். நாற்றுப் பறிக்க வந்திருந்த பச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

"என்னண்ணே, தலையில கைய வச்சிக்கினு?"

சொன்னான். அவள் நாற்று முடிச்சை இறுக்கினாள்.

"பின்ன வேணான்னுதானே வரும். அந்தக் கொறைவு சீட்டு வந்ததுலருந்து, நீங்க மண்ணெடுக்கப் போறதுக்கு மொத நாளே சொல்தா மாமா சூப்பர் மூட்டைய அவுத்து எறைச்சி ஏரு ஓட்டிடுறாரு. பட்டாளத்துல இன்ஸ்பெக்‌ஷன்னா மொத நாளே பூட்சுக்குப் பாலீஷ் போட்டுடணுமாமே."