வேப்பெண்ணெய் கார்டும் மரக்கோயிலும்

கரையானைத் தம் சொந்த விரோதியாகக் கருதி வாழ்ந்த ஒரே மனிதரை உலகம் எங்கள் திருவண்ணாமலையில்தான் கண்டது. அவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை ‘வேப்பெண்ணெய் கார்டு’ என்றே அறியும்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத எங்கள் ஊரில், முற்காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், தம் நாட்டு ஞாபகத்தில், ஜவ்வாது மலை மரத்தைக் கொண்டே சிறு தேவாலயம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அதன் பாதுகாப்பைக் கார்டு, எவரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமைதோறும் சுவர், தூண், பெஞ்சு அனைத்திற்கும் வேப்பெண்ணெய் பூசினார். ஞாயிறன்று சபையார் அதன்மீது அமர்ந்தனர். ஊரில் கிறிஸ்தவர்களை அடையாளம் காணச் சிலுவை தேவைப்படவில்லை. வேட்டியின் பின்புறம் போதுமானதாக இருந்தது.

“கார்டு அண்ணா, கல்யாணப் புடவைங்க இது!” என்று அலறினாள் ஒரு புதுமணப்பெண்.

“புடவை வேற வாங்கிக்கலாம்மா. இந்தக் கோயிலு வேற கெடைக்குமா?” என்றார் கார்டு.

சபைச் செயலரும் பட்டதாரியுமான நான், துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் அமர்வது வழக்கம்.

அறுபதுகளில், மரக்கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவதென்று கமிட்டி தீர்மானித்தது. முன்மொழிந்தவன் நான். பேராயர் நேரில் பார்த்து முடிவு சொல்ல வருவதாக இருந்தது.

“இந்த வாரம் எண்ணெய் கூடாது,” என்று கார்டிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“அவரு உக்கார்ற எடத்துல மட்டும் கம்மியா போடறேன் சார்.”

ஆகவே, பேராயரின் வெள்ளை அங்கியைக் காக்கும் பொருட்டு, என் பாட்டனார் காலத்து நாற்காலியை வீட்டிலிருந்து வரவழைத்தேன். பேராயர் அமர்ந்தார். மரம் கரையானுக்கு இரையாகும் விதத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியின் பின்கால் மாவாக உதிர்ந்தது. பேராயர் தரையை அடைந்தார்.

கார்டு உடைந்த காலை எடுத்து முகர்ந்து பார்த்தார். “பாவம் சார். ஒரு சொட்டு எண்ணெய் பார்த்ததில்ல.”

பேராயர் எழுந்து, அருகிலிருந்த பெஞ்சில் எச்சரிக்கையுடன் அமர்ந்தார். அது அசையவில்லை.

“இது நல்லாத்தானே இருக்கு? இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். அவர் விடைபெற்றுச் சென்றபோது, அங்கியின் பின்புறத்தை நாங்கள் மரியாதையுடன் பார்த்து நின்றோம்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிறு அதிகாலையில் கார்டு காலமானார். முந்தின நாள்தான் கோயில் முழுவதற்கும் எண்ணெய் பூசி முடித்திருந்தார். அடக்க ஆராதனை அங்கேயே நடந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தபோது, எனக்கு முன்னே சென்ற வேட்டிகள் அனைத்திலும் கறை இருந்தது. பின்னால் வந்தவர்கள் என் வேட்டியிலும் கண்டிருப்பார்கள். அன்று நான் துண்டை விரிக்கவில்லை.

அந்த வேட்டியை இதுவரை வெளுக்கப் போடவும் இல்லை.