புலி போன பிறகு ஆவன்னா

கைதூக்கி விடுகிறவர் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாரோ தட்டுத் தடுமாறி மேலே ஏறப் பார்க்கிறார்கள் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும், பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு ஓடி வருவார். காசு வாங்க மாட்டார். காப்பிகூடக் கேட்க மாட்டார். காது மட்டும் கொடுத்தால் போதும். இரண்டு காதும்.

மலாயாவில் காஹாங்குக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இந்த ரகத்துக்கு அசல் மாதிரியாக விளங்கியவர் கிராணி சதாசிவம். ஆபீசில் கணக்கெழுதும் உத்தியோகம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, வெயிலோ மழையோ கையில் குடை. சின்ன வயதில் படிப்பை விட்டவர்களுக்கு மறுபடி எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று தாமாகவே துரையிடம் போய்ச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களுக்கு ஆயாக்கொட்டாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற நாளில் கைக்குழந்தைகள் தூங்குகிற கொட்டாய் அது. வளர்ந்த ஆணும் பெண்ணும் தொட்டில் துணிகளுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து படித்தார்கள். நிமிர்ந்தால் தலையில் தொட்டில் இடிக்கும். அடக்கம் தானாக வந்துவிடும்.

அப்படி அடக்கமாக உட்கார்ந்தவர்களில் ஒருவன் பால்வெட்டுக்கார வீரமுத்து. ஊரில் இரண்டாம் வகுப்பு வரை போனவன். கப்பலேறி வந்து மரம் சீவத் தொடங்கியதில் எழுத்தெல்லாம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இப்போது அவனுக்கு அது அவசரமாக வேண்டியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மூர்த்தி, தீபாவளி கழித்து ஒரு கையாள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். மருந்துப் புட்டியில் தமிழில் ஒட்டியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் போதும். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுவது, காலெல்லாம் அட்டை, வேலை வாங்கும் மண்டோரின் வசவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டுவிடலாம். அந்த வேலைமேல் அவன் உயிரையே வைத்திருந்தான்.

முதல் ஞாயிறு கிராணி கரும்பலகையில் 'அ' என்று அழகாக எழுதினார். சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். திரும்பினார்.

"இந்த ஆனாவை நான் எப்படிப் படிச்சேன் தெரியுமா?"

தொலைந்தது. கப்பலில் வந்திறங்கியபோது கையில் ஒரே ஒரு தகரப்பெட்டி, பெட்டியில் ஒரே ஒரு வேட்டி, அந்த வேட்டியிலும் ஒரு கிழிசல், அந்தக் கிழிசலைத் தைக்க ஊசி தேடிப் போன இடத்தில் கண்ட அவமானம், அவமானத்தில் பிறந்த வைராக்கியம், வைராக்கியத்தோடு காட்டுப் பாதையில் நடந்துபோனால் எதிரே புலி! புலி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வகுப்புக் கலையும்.

அடுத்த ஞாயிறு வந்ததும் கேட்பார்: "வீரமுத்து, விட்ட இடம் எதுடா?"

"ஆனா முடிஞ்சிருச்சு, கிராணி ஐயா. ஆவன்னா."

"அதில்லடா. புலி."

மழைக்காலம் வருவதற்குள் புலி கன்றுக்குட்டி அளவிலிருந்து மாட்டு வண்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. எழுத்து வளரவில்லை. ஒருநாள் பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் கேட்டேவிட்டாள்: "ஐயா, புலி போனப்புறமாவது ஆவன்னா வருமா?" அவளும் ஊரில் பாதியில் படிப்பை விட்டவள்தான். வாய் மட்டும் முழுசாக இருந்தது.

கிராணி பெருந்தன்மையாகச் சிரித்தார். "எழுத்து எங்கம்மா ஓடிப்போவுது? முதல்ல என்னைப் பாரு. என் வாழ்க்கையே ஒரு புஸ்தகம்." சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "நம்ம பிள்ளைங்க பிச்சு உதறுறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கண் கலங்கும். மனுஷர் மனதார நம்பினார். அதுதான் கொடுமை.

தீபாவளி வந்தது, போனது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையாள் வேலை கேட்டு வீரமுத்துவும் பேச்சியம்மாளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டுக் கிராணி. டிரெசர் ஒரு புட்டியை வீரமுத்துவிடம் நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு? படி."

வீரமுத்து பார்த்தான். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அவனுக்குத் தெரிந்த ஆனா அதில் இல்லவே இல்லை. கிராணி 'ம், ம்' என்று தலையை ஆட்டி ஊக்கினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் வீரமுத்துவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் கப்பல்ல வந்து இறங்கினப்ப கையில ஒரே ஒரு தகரப்பெட்டி. பெட்டியில ஒரே ஒரு வேட்டி..."

கண்ணைப் புட்டியிலிருந்து எடுக்காமல், திக்காமல் திணறாமல் காட்டுப் பாதை வரைக்கும் வாசித்துவிட்டான். புலி வரும் இடத்தில் குரல்கூட நடுங்கியது.

"அலமாக்!" என்றார் டிரெசர். "இம்புட்டும் இந்தப் புட்டியிலயா ஒட்டியிருக்கேன்?"

கிராணி எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை தப்பில்ல டிரெசர்! ஒரு வார்த்தை!"

டிரெசர் புட்டியைப் பிடுங்கிப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அவள் விரலை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டினாள். "மேலுக்குப் பூசுவது. குடிக்காதே." வேலை அவளுக்குப் போயிற்று.

வீரமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்ததும் கேட்டான்: "நீ எப்படிக் கத்துக்கிட்ட? நானும் அங்கதானே குந்தியிருந்தேன்?"

"கிராணிக்குப் பின்னால செவுத்துல எழுத்துப் படம் தொங்குதில்ல, அணிலு, ஆடுன்னு? புலி வந்தப்பல்லாம் நான் அவரு தோளுக்கு மேல அதையே பாத்துக்கிட்டிருந்தேன். ஊர்ல படிச்சது ஒண்ணொண்ணா திரும்பி வந்திருச்சு. நீதான் வாயப் பொளந்து கதை கேட்ட."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. வருகிற ஞாயிறு நானே சொல்லித் தருகிறேன், அடுத்த ஆள் எடுப்பதற்குள் தேறிவிடலாம் என்று தைரியம் சொன்னாள். சொன்னபடியே, கிராணி வருவதற்கு முன்னாலேயே ஆயாக்கொட்டாய்க்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த புது வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கரும்பலகையில் 'ஆ' என்று எழுதினாள். வீரமுத்து தொட்டிலுக்கு அடியில் ஆசையோடு குனிந்து உட்கார்ந்தான். அப்பாடா, ஆவன்னா வந்துவிட்டது!

பேச்சியம்மாள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். திரும்பினாள்.

"இந்த ஆவன்னாவை நான் எப்படிக் கத்துக்கிட்டேன் தெரியுமா?"

வீரமுத்து ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் தோளுக்கு மேலே தெரிந்த எழுத்துப் படத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

அவர்கள் கிடக்கட்டும். போன வாரம் உங்கள் மச்சான் மகன் வந்து, மணியார்டர் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டானே. நீங்களும் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் முதல் மணியார்டரிலிருந்து தொடங்கி அக்கறையாக எல்லாம் எடுத்துச் சொன்னீர்களே. அப்போது அவன் கண் உங்கள் முகத்தில் இருந்ததா, உங்கள் தோளுக்கு மேலே இருந்ததா?