பாம்புக்குப் போட்ட ஹீட்டர்

என் மனைவி சுவிசுக்கு ஒரு வருஷம் பிந்தி வந்ததற்கு எந்த அரசாங்கமும் காரணமில்லை. என் மடத்தனம்தான்.

எண்பதுகளின் நடுவில் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். (படித்தவன்தான். கோப்பைக்கு அது தெரியாது.) கலியாணமாகி நாலாம் மாதம் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட முதலாளி ஊர்ஸ் எனக்கு நிரந்தர வேலை உண்டென்று ஒரு கடிதம் தரவேண்டும். வசந்தத்தில் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஊர்ஸ் நிலவறையில் விஷமில்லாத இரண்டு சோளப் பாம்புகள் வளர்த்தார். பனிக்காலம் வந்தால் ஆணையும் பெண்ணையும் வேறுவேறு பெட்டியில் போட்டு, இரையையும் ஹீட்டரையும் நிறுத்திவிடுவார். மூன்று மாதத்துக்குத் தண்ணீர் மட்டும். ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் பனிச்சறுக்கப் போயிருந்தார். தண்ணீர் மாற்றப் போன நான் பெண் பாம்பைத் தொட்டுப் பார்த்தேன். என் கையை விடக் குளிர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதரைப் பிரித்தது போதாதென்று பாம்பையுமா?

"அண்ணை, விடுங்கோ," என்றான் கூட வேலை செய்த செல்வம். "அந்தாள் ஏதோ காரணத்தோடதான் செய்யுது."

"என்ன காரணம்? கொழுப்பு."

"உங்கட கடுப்பை அதுகளில காட்டாதேங்கோ."

காட்டினேன். ஹீட்டரை முழுதாகத் திருகி, இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டு, ஊர்க் கோயிலில் நாகதம்பிரானுக்கு வைப்பதுபோல் பாலும் முட்டையும் வைத்தேன். (அவித்த முட்டை. ஹோட்டலில் அதுதான் மிச்சம்.) இரண்டும் விழித்தன. ஆண் பாலைக் கவிழ்த்து அதில் குளித்தது. பிறகு மூலைக்கு ஒன்றாய் ஒதுங்கி, பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளையும் பெண்ணும்போல் விறைத்துக் கிடந்தன.

ஊர்ஸ் வந்து பார்த்தார். கத்தவில்லை. "குளிரில் கிடந்தால்தான் பிறகு அவை சேரும். நீ நடுவில் எழுப்பிவிட்டாய். அவை முட்டை இடாவிட்டால் உனக்குக் கடிதமும் இல்லை."

வசந்தத்தில் இரண்டையும் ஒன்றாக விட்டார். ஊர்ஸை விட நான்தான் அதிக நேரம் பெட்டியடியில் நின்றேன். "ஒருக்கால் திரும்பிப் பாரன்," என்று ஆண் பாம்பைக் கெஞ்சினேன். அது பார்க்கவேயில்லை.

அடுத்த பனிக்காலம் நிலவறைக் கதவுக்கு நானே காவல். கொஞ்சம் சூடேறினாலும் யன்னலைத் திறந்துவிட்டு, நடுங்கிக்கொண்டு நின்றேன். அந்த வசந்தத்தில் அவை பின்னிக் கிடந்தன. பதினொரு முட்டை. ஊர்ஸ் கடிதம் எழுதினார். இலையுதிர் காலத்தில் அவள் வந்தாள்.

மூத்த மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டும்போது மனைவி சொல்வாள்: "இந்த மனுசன் அந்த ஹீட்டரைப் போடாமல் விட்டிருந்தால் நீ ஒரு வயசு மூப்பு, பிள்ளை."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால் அவளில்லாமல் போன அந்த ஒரு வருஷம் எனக்கு இன்னும் வேண்டும்.